சின்ன வண்டிக்கு டெம்பரேச்சர் மீட்டர்: சென்சார் எங்கே உட்காரும் என்பதிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: பழைய கார்பரேட்டர் ஸ்ப்ளெண்டர், இரண்டு பேர் உட்கார்ந்து கொல்லிமலை ஏறும்போது பாதி வளைவுகளிலேயே இழுவை குறைகிறது, காலில் அனல் அடிக்கிறது, ஒரு டெம்பரேச்சர் மீட்டர் மாட்டலாம் என்று தேடினால் நூறு வகை வருகிறது, எதை வாங்குவது, சென்சாரை எங்கே வைப்பது. கூடவே நண்பருடைய லிக்விட் கூல்டு (ரேடியேட்டர் தண்ணீரால் ஆறும்) 200 சிசி வண்டிக்கும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் சொல்கிறேன், ஆனால் முதலில் உங்கள் வண்டி.

பெரும்பாலானவர்கள் முதலில் மீட்டரை வாங்கிவிடுகிறார்கள். பளிச்சென்று நீல வெளிச்சத்தில் நம்பர் காட்டுகிறது, விலையும் கட்டுப்படியாகிறது, வாங்கியாயிற்று. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் இந்தச் சென்சாரை எங்கே சொருகுவது என்ற கேள்வியே வருகிறது. அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் எந்த இடத்துச் சூட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், அந்த இடத்துக்கு எந்தச் சென்சார் பொருந்தும் என்று பாருங்கள், அந்தச் சென்சாரோடு சேர்ந்து வரும் மீட்டர் எது என்பது கடைசி.

ஏனென்றால் 'இன்ஜின் டெம்பரேச்சர்' என்று ஒரே ஒரு நம்பர் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் ஏர் கூல்டு இன்ஜினில், அதாவது உங்களுடையது மாதிரி காற்றால் ஆறும் இன்ஜினில், ஒரே நேரத்தில் ஸ்பார்க் பிளக் அடியில் 170 டிகிரி இருக்கலாம், அங்கிருந்து ஒரு ஜாண் தள்ளி ஃபின்னின் (காற்றுப் பட்டு ஆறுவதற்காக இன்ஜினைச் சுற்றி இருக்கும் உலோகத் தகடு) ஓரத்தில் 100 டிகிரிதான் இருக்கும், கிரான்க்கேஸ் எனும் இன்ஜினின் அடிப்பெட்டியில் எண்ணெய் 95ல் இருக்கும், சைலன்சர் பெண்டுக்குள் போகும் புகை 600 டிகிரியைத் தாண்டியிருக்கும். யாராவது 'என் வண்டி 110ல்தான் ஓடுகிறது, உன்னுடையது 180 காட்டுகிறதே' என்று சொன்னால் பயப்படாதீர்கள், எங்கே அளந்தாய் என்று கேளுங்கள்.

ஏர் கூல்டு வண்டியில் இரண்டே இடம்தான் உருப்படியானவை. ஒன்று சிலிண்டர் ஹெட், அதாவது பிளக் அடி. இன்னொன்று இன்ஜின் ஆயில். இரண்டும் சொல்வது வேறு வேறு. ஹெட் நம்பர் இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்று சொல்லும். கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரை முறுக்கினால் அரை நிமிடத்தில் ஏறும், இறக்கத்தில் விட்டால் மளமளவென்று இறங்கும். ஆயில் நம்பர் கடந்த அரை மணி நேரம் வண்டியை எப்படி ஓட்டினீர்கள் என்று சொல்லும். அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். உங்களுக்கு இருக்கும் பிரச்சினை மலை ஏற்றத்தில் வருவது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், பாதி நேரம் இரண்டாவது கியர், இன்ஜின் முழு பலத்தையும் கொடுக்கிறது, ஆனால் வண்டி போவதோ 20, 25 வேகம், ஃபின்களில் படும் காற்று போதாது. இந்த நிலைமையைப் பார்க்க ஹெட் சென்சார்தான் முதலில் வேண்டும். ஆயில் மீட்டர் அப்புறம் வசதிப்பட்டால் போடலாம்.

ஆனால் ஒன்று. எதையும் வாங்குவதற்கு முன்னால் கிளட்சைப் பாருங்கள். மலையில் இழுவை குறைந்து ஒரு கருகல் வாடையும் வந்தால் அது பாதி நேரம் கிளட்ச் பிளேட் வழுக்குவதுதான், அதை எந்த டெம்பரேச்சர் மீட்டரும் சொல்லாது. லீவரில் கொஞ்சம் ஃப்ரீ பிளே (கிளட்ச் பிடிக்கும் முன் சும்மா ஆடும் தூரம்) இருக்கிறதா, மூன்றாவது கியரில் ஏற்றத்தில் முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இந்த வண்டியின் சிலிண்டர் கிட்டத்தட்ட படுக்கையாக முன்சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால், மழைக்காலச் சேறு எல்லாம் ஹெட்டின் ஃபின்களுக்கு இடையில் போய் அப்பி, காய்ந்து, செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒரு பழைய டூத்பிரஷும் தண்ணீரும் போதும், இன்ஜின் ஆறின பிறகு செய்யுங்கள். இதைச் செய்த பிறகே மீட்டரின் நம்பருக்கு அர்த்தம் வரும்.

சரி, சென்சாருக்கு வருவோம். ஹெட்டுக்கு விற்பது ஒரு செம்பு வளையம், பிளக்கின் வாஷர் இருக்கும் இடத்தில் உட்காரும், அதிலிருந்து ஒரு ஒயர் வரும். 10, 12, 14 மில்லிமீட்டர் என்று மூன்று அளவு. ஸ்ப்ளெண்டர், சூப்பர் கப் போன்ற ஹோண்டா வழி வந்த சின்ன இன்ஜின்களில் பிளக் மரை 10 மில்லி, ஆர்எக்ஸ்100 போன்ற பழைய டூ ஸ்ட்ரோக்கில் 14 மில்லி. படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பிளக்கைக் கழற்றி மரையை வெர்னியரில் அளந்துவிடுங்கள். 14 மில்லி வளையத்தை 10 மில்லி பிளக்கில் போட்டால் அது ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்து, கம்ப்ரஷன் அந்த வழியாகக் கசியும். கூம்பு வடிவ அடி உள்ள பிளக்குகளில், அதாவது வாஷரே இல்லாத வகையில், இந்த வளையத்தைப் போடவே கூடாது.

அந்த வளையத்துக்குள் இருப்பது இரண்டில் ஒன்று. கே டைப் தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்தது, சூடானால் மிகச் சின்ன வோல்டேஜ் தரும்), இல்லையென்றால் தெர்மிஸ்டர். தெர்மிஸ்டர் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் பொருள். கார்களில் பரவலாக வரும் ஒரு வகை 20 டிகிரியில் 2500 ஓம் காட்டும், 80ல் 320 பக்கம் வரும், 100ல் 190க்கும் கீழே. பாருங்கள், 20லிருந்து 80 வரை இரண்டாயிரம் ஓமுக்கு மேல் மாறியது, ஆனால் 150ஐத் தாண்டினால் ஒரு டிகிரிக்கு ஓரிரண்டு ஓம்தான் மாறும். கனெக்டரில் கொஞ்சம் பச்சை பிடித்தாலே அந்த அளவு தப்பு வந்துவிடும். அதனால் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் தெர்மிஸ்டர் அருமையானது, ஹெட்டுக்கு நான் தெர்மோகப்பிளைத்தான் சொல்வேன். இன்னொன்று, தெர்மிஸ்டரில் எல்லாம் ஒரே கணக்கு கிடையாது. ஒரு கம்பெனி சென்சாரையும் இன்னொரு கம்பெனி மீட்டரையும் சேர்த்தால் ஏதோ ஒரு நம்பர் வரும், அது பொய்யான நம்பர். சென்சார் கெட்டுப்போனால் அதே ஜோடியில் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தெர்மோகப்பிளில் அந்தத் தொல்லை இல்லை, கே டைப் என்றால் எங்கே வாங்கினாலும் கே டைப்தான், ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். ஆனால் அதற்கு வேறு ஒரு குணம் உண்டு, இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டினேன். தெர்மோகப்பிள் நேரடியாகச் சூட்டைச் சொல்வதில்லை, சூடான முனைக்கும் அதன் ஒயர் முடியும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறது. மீட்டர் தன் சொந்தச் சூட்டை அளந்து அதைக் கூட்டிக் காட்டுகிறது. என் சென்சாரின் ஒயர் ஹேண்டில்பார் வரை எட்டவில்லை, அதனால் டேங்க் அடியில் வெட்டி சாதாரண செம்பு ஒயரை ஒட்டி நீட்டினேன். காலையில் சரியாகக் காட்டும், மதியம் டிராஃபிக்கில் இன்ஜின் கொதிக்கும்போது குறைத்துக் காட்டும். காரணம் எளிது: டேங்க் அடியில் இருக்கும் அந்த ஒட்டு 60 டிகிரியில், மீட்டர் 40 டிகிரியில், 20 டிகிரி காணாமல் போய்விட்டது. அதிகமாகச் சூடாகும் நேரத்தில்தான் அதிகமாகப் பொய் சொல்கிறது, இதைவிட ஆபத்தான மீட்டர் இருக்க முடியாது. நீட்ட வேண்டும் என்றால் கே டைப்புக்கென்று விற்கும் ஒயராலேயே நீட்டுங்கள், பிளஸ் மைனஸ் மாறாமல் பாருங்கள். அமெரிக்க நிற முறையில் சிவப்புதான் மைனஸ், மஞ்சள் பிளஸ். நம் கை பழக்கத்தில் சிவப்பை பிளஸ்ஸில் கொடுத்துவிடும், அப்போது சூடு ஏற ஏற நம்பர் இறங்கும்.

வளையத்தை மாட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் குழியைச் சுற்றி ஊதிச் சுத்தம் செய்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள், மணல் ஒரு துளி உள்ளே விழுந்தாலும் சிலிண்டருக்குச் சேதம். பிளக்கின் வாஷரை எடுத்துவிட்டு வளையத்தை அந்த இடத்தில் போடச் சொல்லும் செட்டும் உண்டு, வாஷருக்கு அடியில் போடச் சொல்லும் செட்டும் உண்டு, அதன் தாளில் உள்ளபடி செய்யுங்கள். ஒயர் எந்தப் பக்கம் வெளியே வரும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிளக்கை இறுக்கும்போது வளையமும் கூடவே சுற்றும், ஒயர் ஃபின்னில் போய் முட்டி வளையத்தோடு சேரும் கழுத்தில் பிய்ந்துவிடும். ஒரு கையால் ஒயரை லேசாகப் பிடித்துக்கொண்டு, கடைசிக் கால் சுற்றுக்கு முன் நிறுத்தி, ஒயரைக் கொஞ்சம் பின்னால் திருப்பி வைத்துவிட்டு இறுக்குங்கள், சுற்றி வந்து சரியான இடத்தில் நிற்கும். 10 மில்லி பிளக்குக்கு 10லிருந்து 12 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். ஸ்டார்ட் செய்து பிளக்கைச் சுற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. ஒயர் ஹெட்டைத் தாண்டும் வரை ஃபைபர் கிளாஸ் அல்லது சிலிகான் உறைக்குள் போகட்டும். வளையத்தின் ஒயர் முன்பக்கம் காற்றுப் படும் பக்கம் இருந்தால் கொஞ்சம் குறைத்தும் பின்பக்கம் இருந்தால் கூட்டியும் காட்டும், அதனால் ஒவ்வொரு முறை பிளக் மாற்றும்போதும் அதே திசையில் வையுங்கள், இல்லாவிட்டால் பழைய நம்பரோடு ஒப்பிட முடியாது.

மாட்டுவதற்கு முன் சமையலறையில் ஒரு சோதனை. சென்சார் நுனியை உடைத்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். தளபுளவென்று கொதிக்கும் தண்ணீரில் 100. பாத்திரத்தின் அடியில் படாமல் தொங்கவிடுங்கள். மேட்டு ஊராக இருந்தால் சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி கழியும். ஊட்டியில் தண்ணீர் 92, 93லேயே கொதித்துவிடும், மீட்டர் தப்பு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இரண்டு இடத்திலும் ஓரிரு டிகிரிக்குள் வந்தால் நல்ல மீட்டர். இரண்டிலும் ஒரே அளவு தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, மனதில் கழித்துக்கொள்ளலாம். ஒன்றில் சரியாகவும் இன்னொன்றில் பத்து டிகிரி தள்ளியும் இருந்தால் அது சென்சாரும் மீட்டரும் சேராத ஜோடி.

இனி நம்பர். இந்த மாதிரி 100, 125 சிசி ஏர் கூல்டு ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிளக் அடியில், நான் பார்த்தவரை, சமதளத்தில் ஒருவர் ஓட்டினால் 140லிருந்து 170, வெயிலில் சிக்னல் சிக்னலாக நின்று போனால் 180 பக்கம், இருவர் ஏறி மலை ஏறினால் 200ஐ எட்டிப் பார்க்கும். 220 என்றால் நான் ஓரங்கட்டிவிடுவேன். அலுமினியம் உருகுவது 600க்கு மேல், ஆனால் அதன் பலம் 200ஐத் தாண்டியதுமே குறைய ஆரம்பித்துவிடும், பிஸ்டனும் அலுமினியம்தான், அது ஹெட்டைவிடச் சூடாக இருக்கிறது. ஆனாலும் என் நம்பரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டி நன்றாக இருக்கும்போது ஒரு வாரம் ஓட்டி, உங்கள் வழக்கமான ரோட்டில் எங்கே எவ்வளவு என்று எழுதி வையுங்கள். மீட்டரின் உண்மையான பயன் அங்கேதான். வழக்கமாக 155 காட்டும் அதே ரோட்டில் இன்று 180 என்றால் ஏதோ நடந்திருக்கிறது: கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் காற்று இழுக்கிறது, ஜெட்டில் தூசி அடைத்து பெட்ரோல் குறைந்து மிக்ஸ்சர் மெலிந்துவிட்டது, டேப்பெட் (வால்வு இடைவெளி) இறுகிவிட்டது, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, ஆயில் குறைந்துவிட்டது. இவை எல்லாமே கையால் பார்த்துச் சரிசெய்யக்கூடியவை.

200ஐத் தாண்டினால் உடனே ஆஃப் செய்யாதீர்கள். நின்ற இன்ஜினுக்குக் காற்றும் கிடையாது, உள்ளே எண்ணெய் ஓட்டமும் கிடையாது, ஹெட் நம்பர் நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் ஏறவே செய்யும். ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, சமதளம் கிடைத்தால் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி இறக்கிவிட்டு நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஆயிலுக்கு எளிய வழி டிப்ஸ்டிக் தெர்மாமீட்டர். வலது பக்கம் எண்ணெய் ஊற்றும் மூடிக்குப் பதிலாகத் திருகுவது, மேலே சின்ன முள் டயல், உள்ளே பைமெட்டல் சுருள், ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது. ஓட்டும்போது பார்க்க முடியாது, நிறுத்திக் குனிந்துதான் பார்க்க வேண்டும், ஆனால் எண்ணெய் மெதுவாகவே மாறுவதால் அது போதும். மரை பொருந்துகிறதா என்பதோடு தண்டின் நீளத்தையும் பழைய டிப்ஸ்டிக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நீளமாக இருந்தால் உள்ளே சுற்றும் பாகத்தில் தட்டும். ஓட்டும்போதே பார்க்க வேண்டும் என்றால் டிரெயின் போல்ட்டுக்குப் பதிலாக மாட்டும் சென்சார் உண்டு, ஆனால் இந்த வண்டியில் அது மிகக் கீழே இருப்பதால் வேகத்தடையிலும் கல்லிலும் இடிபடும், மண் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். எண்ணெய் 80லிருந்து 110க்குள் இருந்தால் நிம்மதி. 10 டபிள்யூ 30 என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அதில் அந்த 30 என்ற கனம் 100 டிகிரியில் அளந்தது. 130க்குப் போனால் கனம் கிட்டத்தட்ட பாதி ஆகிவிடும். இந்த இன்ஜினில் எண்ணெயே ஒரு லிட்டர் அளவுதான், சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் கெடும். மறுபக்கம், தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி எண்ணெய் 60ஐத் தாண்டாமலே நிறுத்தினால் உள்ளே சேரும் நீராவி வெளியேறாது, மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படியும். அதையும் இந்த மீட்டர் காட்டிக்கொடுக்கும்.

மீட்டரில் பார்க்க வேண்டியது முதலில் ரேஞ்ச். மீன் தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் விற்கும் சின்ன கறுப்பு டிஜிட்டல் தெர்மாமீட்டரைச் சிலர் இன்ஜினில் ஒட்டுகிறார்கள், அது 110 டிகிரியோடு முடிந்துவிடும், ஹெட்டில் வைத்தால் சென்சாரின் பிளாஸ்டிக் உறையே உருகும். அர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டில் சொந்தமாகச் செய்கிறவர்கள் டிஎஸ்18பி20 சென்சாரைப் போடுவார்கள், அதற்கும் எல்லை 125தான்; ஹெட்டுக்கு மேக்ஸ்6675 மாதிரியான தெர்மோகப்பிள் போர்டு போடுங்கள். அப்புறம், நண்பகல் வெயிலில் தெரிகிறதா, மழைக்குத் தாங்குமா. மின்சாரம் பேட்டரியிலிருந்து, கீ போட்டால் மட்டும் வரும் ஒயரில், ஒரு ஆம்பியர் ஃபியூஸோடு. பழைய வண்டிகளில் ஹெட்லைட் ஒயரில் ஏசி ஓடும், அதில் கொடுத்தால் மீட்டர் போய்விடும். இன்ஜின் ஓடும்போது மட்டும் நம்பர் குதித்தால் சென்சார் ஒயர் பிளக் ஒயரை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள், தள்ளிக் கட்டினாலே பாதி சரியாகிவிடும்.

2020க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. அவற்றில் பெரும்பாலும் கம்பெனியே ஒரு டெம்பரேச்சர் சென்சார் வைத்திருக்கிறது. அந்த ஒயரில் கிளை எடுத்து மீட்டருக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு கருவி ஒரே தெர்மிஸ்டரைப் பங்குபோட்டால் ஈசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பார்க்கும் மதிப்பு மாறிவிடும், இன்ஜின் ஏற்கனவே சூடாக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் குறைக்கும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. தனிச் சென்சார் போடுங்கள், அல்லது டயக்னோஸ்டிக் சாக்கெட்டில் மாட்டும் ரீடரில் பாருங்கள்.

நண்பருடைய லிக்விட் கூல்டு வண்டிக்கு வேலை சுலபம். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் சூடான ஹோஸை வெட்டி நடுவில் ஒரு அலுமினிய அடாப்டர், அதில் தெர்மிஸ்டர் சென்சார். ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் ஹோஸில் வைத்தால் ஆறின தண்ணீரைத்தான் அளப்பீர்கள். ஹோஸின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். சென்சார் மரையில் எட்டில் ஒரு இன்ச் என்று போட்டு இரண்டு வகை உண்டு, அமெரிக்க என்பிடி இன்சுக்கு 27 மரை, பிரிட்டிஷ் வகை 28 மரை. கையால் திருகும்போது இரண்டும் பிடிப்பது போலத்தான் இருக்கும், அப்புறம் கசியும். ஒற்றை ஒயர் சென்சார் என்றால் அதற்கு எர்த் வேண்டும். ரப்பர் ஹோஸுக்கு நடுவில் தொங்கும் அடாப்டருக்கு எர்த் எங்கிருந்து வரும், தனியாக ஒரு ஒயர் சேஸிஸுக்குக் கொடுங்கள். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றினாலும் எர்த் போய்விடும். 85லிருந்து 100 வரை சாதாரணம், ஃபேன் 100ஐ ஒட்டி ஓட ஆரம்பிக்கும், 115ஐத் தாண்டினால் நிறுத்திப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் கூலன்ட்டில் காற்று இல்லாமல் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அவரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: 110 காட்டிக்கொண்டிருந்த மீட்டர் ஃபேனும் ஓடாமல், வேகமும் மாறாமல் திடீரென்று 70க்கு இறங்கினால் வண்டி ஆறிவிட்டது என்று நினைக்கக்கூடாது. கூலன்ட் கசிந்து சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீரே இல்லை, அது வெறும் காற்றை அளக்கிறது. அங்கேயே நிறுத்தி, முழுவதும் ஆறும் வரை காத்திருந்து, அப்புறம் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்க்க வேண்டும்.